தொடாத புழுக்கள்

சிதம்பரம்
12.10.2011

அன்புள்ள சாய்ரா அவர்களுக்கு,

ஒரு கேள்வி. 1988 மே மாதம் நம் ஆய்வகத்தில் பட்டுப்புழுக்களை ஒரு ட்ரேயிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினீர்களே, அவற்றை எதனால் எடுத்தீர்கள்?

உங்கள் மேசைக்கு இரண்டு மேசை தள்ளித்தான் நான் இருந்தேன், மூன்று வருடம். இருந்தும் எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் உங்கள் முதுகுதான் நினைவுக்கு வருகிறது, கை வரவில்லை.

முகவரியை உங்கள் பள்ளியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தியிடம் வாங்கினேன். காரணம் சொல்லவில்லை.

உங்களுக்குக் காரணம் சொல்ல வேண்டும். போன மாதம் முதுகலை மாணவர்களுக்கு ஒரு செய்முறை நடத்தினேன். உங்கள் சோதனைதான். செத்த பாக்டீரியாவை முதல் நாள் உடம்பில் ஏற்றிய புழு, மறுநாள் உயிருள்ள பாக்டீரியாவை ஏற்றினாலும் பிழைத்துக்கொள்ளும். முதல் நாள் எதுவும் ஏற்றாத புழு செத்துப்போகும். ‘தொடாத ட்ரே’ என்று நாம் சொல்லுவோமே, அது. நீங்கள் 1988-ல் எழுதியது இதுதான். இதைப் பொய் என்று நான் எழுதினேன்.

மாணவர்களிடம் இந்தச் சோதனை ஏன் சரியாக வராது என்று காட்டத்தான் நினைத்திருந்தேன். அன்று ஃபோர்செப்ஸ் இருந்த அலமாரியின் சாவி கிடைக்கவில்லை. ஸ்டோர்கீப்பர் விடுப்பில் இருந்தார். அட்டெண்டர் சின்னையன் வீட்டிலிருந்து ஒரு கோழி இறகைக் கழுவி எடுத்துவந்தார். பட்டுப்புழுப் பண்ணைகளில் அதனால்தான் எடுப்பார்களாம். அதைக் கொண்டு மாற்றினேன். தொடாத ட்ரேயில் இருபதில் பத்தொன்பது செத்துப்போயின.

இலை கெட்டிருக்கும் என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்துத் திரும்பச் செய்தேன். அப்போதும் செத்தன. அடுத்த முறை ஃபோர்செப்ஸால் எடுத்தேன். பிழைத்தன.

பதில் வந்தால் மிச்சத்தை எழுதுகிறேன். என் போன் எண்ணைக் கீழே தந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
லோகநாயகி


சிதம்பரம்
9.11.2011

அன்புள்ள சாய்ரா அவர்களுக்கு,

பக்ரீத் முடியட்டும் என்று இருந்தேன். முடிந்து இரண்டு நாளாகிறது. பதில் எழுதாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் இடத்தில் நான் இருந்தால் கடிதத்தைப் பிரித்திருக்கவே மாட்டேன்.

ஆனால் இதை வேறு யாரிடமும் கேட்க முடியாது. அந்த அறையில் இருந்தவர்களில் நம் துறைத் தலைவர் தேவநாதன் சார் 2003-ல் இறந்துவிட்டார். பழனிவேல் வெளிநாட்டில் இருக்கிறார், எந்த நாடு என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. மிச்சம் நீங்கள், நான், சின்னையன். சின்னையனிடம் கேட்டேன். “அதெல்லாம் யாரும்மா பாத்தா?” என்றார்.

ஒரு வரி போதும்.

லோகநாயகி


கடலூர் முதுநகர்
20.11.2011

லோகா,

நீங்களாம். அவர்களுக்காம். ஹாஸ்டலில் என் சீப்பை எடுத்து உன் தலையை வாரிக்கொண்டவள் நீ. பல் உடைந்த சீப்பு யாருடையது என்று சண்டை போட்டோமே. அதற்குள் மறந்துவிட்டதா?

முதல் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். இரண்டாவது வந்ததும் என் வீட்டுக்காரர் லியாக்கத் அலி, “என்னா புள்ள, சிதம்பரத்துலேந்து லவ் லெட்டர் மாதிரி வந்துக்கினே இருக்கு?” என்றார். “ஆமாங்க, பழைய ஆளு” என்றேன். அவருக்கு உன் பெயர் தெரியும். பெயரைக் கேட்டதும் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டார்.

போன் செய்ய மாட்டேன். நீயும் செய்யாதே. என்னைப் பற்றி நீ சொன்னதை அரைப்பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டுச் சாரிடம் கொடுத்தாய். என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுத்தில் ஆரம்பித்தது எழுத்திலேயே போகட்டும்.

உன் கேள்விக்குப் பதில்: கோழி இறகு.

ஆய்வுக்குப் பதிவு செய்த புதிதில் சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு பட்டுப்புழுப் பண்ணைக்குப் பதினைந்து நாள் பயிற்சிக்குப் போனேன், நினைவிருக்கிறதா? அங்கே அமிர்தம் என்று ஒரு அம்மா. நான் ஃபோர்செப்ஸை எடுத்ததும் கையில் தட்டினார். “இன்னாம்மா நீ, பச்சப்புள்ளயக் குறட்டால தூக்குவியா?” என்றார். அதற்குப் பிறகு இறகுதான்.

அதை நோட்டில் எழுதவில்லை. ‘புழுக்கள் மாற்றப்பட்டன’ என்று மட்டும் எழுதினேன். பல்கலைக்கழக ஆய்வகத்தில் கோழி இறகு என்று எழுதினால் சிரிப்பார்கள் என்று பயம். பாய் வீட்டுப் பெண், கோழி இறகு என்றால் இன்னும் ஜாஸ்தி சிரிப்பார்கள். டிராயருக்குள் வைத்திருந்தேன். எல்லாரும் டீக்குப் போனதும் எடுப்பேன். நீ பார்க்காதது உன் தப்பில்லை. நீ பார்க்காத மாதிரிதான் செய்தேன்.

இப்போது சொல். இருபத்து மூன்று வருடம் கழித்து உனக்கு இது எதற்கு?

சாய்ரா


சிதம்பரம்
27.11.2011

சாய்ரா,

சீப்பு உன்னுடையது. பல்லை உடைத்தது நான்.

நீ சொன்ன பதிலுக்குப் பிறகு என் 1988 நோட்டை எடுத்துப் பார்த்தேன். சார் சொன்னதன்பேரில் உன் சோதனையை நான் இரண்டு முறை திரும்பச் செய்தேன். இரண்டு முறையும் தொடாத ட்ரேயில் பாதிக்கு மேல் பிழைத்தன. அதனால்தான் அந்த அரைப்பக்கம். இரண்டாம் முறை செய்தபோது என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: ‘தொடாத ட்ரே. புழுக்களின் விலாவில் கறுப்புப் புள்ளிகள். தூசி?’ சாரிடம் கொடுத்த சுத்தப் பிரதியில் அந்த வரி இல்லை. தூசி என்று நானே முடிவு செய்து விட்டுவிட்டேன்.

தூசி இல்லை. காயம். பூச்சியின் தோலில் கீறல் விழுந்தால் அந்த இடம் கறுத்து அடைத்துக்கொள்ளும். உனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு மூன்று முறை இலை மாற்றினேன், மூன்று முறையும் ஃபோர்செப்ஸால் கிள்ளித் தூக்கினேன். அந்த ஃபோர்செப்ஸ் எச்சத்திலும் பழைய இலையிலும் பட்டது. அதிலிருந்த கிருமி கொஞ்சம் காயத்தில் இறங்கியிருக்கும். உடம்பு விழித்துக்கொள்ள அது போதும். இரத்த அணுக்கள் வந்து கிருமியைச் சூழ்ந்துகொள்ளும். கொழுப்புத் திசு, பாக்டீரியாவை உடைக்கும் சிறிய புரதங்களைச் செய்து இரத்தத்தில் விடும். ஊசி போட்ட புழுவுக்கு நீ செய்ததை, ஊசி போடாத புழுவுக்கு நான் குறட்டால் செய்திருக்கிறேன். என் தொடாத ட்ரே தொடாத ட்ரேயே இல்லை.

இன்று இதைச் செய்பவர்கள், காயம் மட்டும் என்ன செய்கிறது என்று பார்க்க, வெறும் உப்புநீர் ஊசி போட்ட ட்ரே ஒன்றும் வைப்பார்கள். அன்று நமக்கு அது தோன்றவில்லை. சாருக்கும் தோன்றவில்லை. ஆனால் கறுப்புப் புள்ளியைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

நான் யாரையும் எளிதில் நம்புகிறவள் இல்லை என்று துறையில் எனக்குப் பெயர். மாணவர்கள் என்னிடம் ஆய்வுக்குச் சேரப் பயப்படுவார்கள். அந்தச் சந்தேகத்தை என் கைமேல் மட்டும் வைக்கவில்லை.

அந்த அரைப்பக்கத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று துறைக்கு எழுதித் தருகிறேன். முடிவுகளை உன் பெயரை முதலில் போட்டுக் கட்டுரையாக அனுப்பலாம். நீ சம்மதித்தால்.

மன்னிப்பு என்ற சொல்லை நான்கு முறை எழுதி அடித்துவிட்டேன். எழுதினால் நீ ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். அந்தச் சுமையை உன்மேல் வைக்க விருப்பமில்லை.

லோகநாயகி


கடலூர் முதுநகர்
11.12.2011

லோகா,

யாரிடம் திரும்பப் பெறுவாய்? சார் இறந்துவிட்டார். அந்தத் தலைவர் அறையில் இப்போது இருப்பவருக்கு 1988-ல் பள்ளிக்கூட வயது இருக்கும். கட்டுரை வேண்டாம். அடுத்த மேயில் எனக்கு ஐம்பது. என் பெயரைப் பார்த்து இனி யாரும் வேலை தரப் போவதில்லை, எனக்கு வேலை இருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்ததும் அழுகை வந்தது. நீ நினைக்கிற காரணத்துக்காக இல்லை.

சார் எல்லார் முன்னாலும் உன் அரைப்பக்கத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்து, “மூணு நாளும் நீயேதான் எண்ணினியாம்மா?” என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை நீ ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

எண்ண வேண்டிய மூன்றாம் நாள் நோன்புப் பெருநாள், லோகா. அதற்கு முந்தின நாள் சாயங்காலமே அத்தா வந்து என்னைக் கடலூருக்குக் கூட்டிப்போய்விட்டார். போகும்போது சின்னையனிடம், “நாளைக்குக் காலையில செத்தத மட்டும் எண்ணி வைங்கண்ணே” என்று சொல்லிவிட்டுப் போனேன். அடுத்த நாள் வந்தேன். “பதினேழும்மா” என்றார். செத்த புழுக்களை அதற்குள் கூட்டிக் கொட்டிவிட்டிருந்தார்கள். பதினேழு என்று நோட்டில் எழுதினேன், நானே எண்ணின மாதிரி. தேதிகூட பெருநாள் தேதிதான் போட்டேன்.

சார் கேட்டபோது ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் சின்னையனின் வேலை போய்விடும். அப்போது அவர் தினக்கூலி. சோதனையில் அட்டெண்டர் கை வைக்கக் கூடாது என்று சுவரில் எழுதியே வைத்திருந்தார்கள். அதனால் சும்மா நின்றேன். நீ சொன்ன குற்றத்தை நான் செய்யவில்லை. ஆனால் வேறொன்று செய்திருந்தேன். அதனால் எதை மறுப்பது என்று தெரியவில்லை.

அத்தா, “அல்லாவுக்குத் தெரியும்மா, விடு” என்றார். அல்லாவுக்குத் தெரிந்து என்ன, தேவநாதன் சாருக்குத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். ஆய்வை விட்டேன். அடுத்த ஆறு மாதத்தில் கல்யாணம்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் மோசம். வருடம் ஆக ஆக எனக்கே சந்தேகம் வந்தது. சின்னையன் உண்மையாக எண்ணினாரா, வாய்க்கு வந்ததைச் சொன்னாரா? முதல் இரண்டு நாள் நான் எண்ணியதாவது சரியா? முடிவு வர வேண்டும் என்ற ஆசையில் அரை உயிராகக் கிடந்ததையும் செத்ததில் சேர்த்தேனா? லோகாவுக்கு இரண்டு முறை வராதது எனக்கு மட்டும் எப்படி வந்தது? பத்துப் பதினைந்து வருடத்துக்குப் பிறகு, நான் ஏமாற்றுக்காரிதான் போலிருக்கிறது, எனக்கே தெரியாமல் செய்துவிட்டேன் போலிருக்கிறது என்று முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் சொன்னதில்லை. இவரிடமும்.

இரண்டு வருடம் முன்னால் எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, “டீச்சர், கொசுவுக்குக் காய்ச்சல் வந்தா அது எப்படி சரியாவும்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். அந்தக் கேள்விக்கு மூன்று வருடம் படித்தவள் நான். “உக்காரு” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

எனக்குப் பட்டம் வேண்டாம், பெயர் வேண்டாம். அந்தப் புழுக்கள் உண்மையிலேயே செத்தனவா என்று தெரிய வேண்டும். உன் செய்முறையில் செத்தது போதாது. என் கையால், என் இறகால் செய்து பார்க்க வேண்டும். பக்கத்திலேயே உன் கையால், உன் ஃபோர்செப்ஸால் ஒரு ட்ரே. ஜனவரியில் சனி ஞாயிறு ஏதாவது பார்த்துச் சொல்.

பிழைத்தால் பிழைத்தது என்று எழுதுவாய்தானே? என்மேல் இரக்கப்பட்டு எதுவும் செய்துவிடாதே. அதை மட்டும் தாங்க மாட்டேன்.

சாய்ரா


சிதம்பரம்
2.1.2012

சாய்ரா,

புயல் அடித்து மூன்று நாளாகிறது. எழுத்தில்தான் என்று சொல்லியிருந்தாய். மீறிப் பள்ளி எண்ணுக்குப் போன் செய்து பார்த்தேன், மணி அடிக்கவே இல்லை. கடலூர்ப் பக்கம் பஸ் பாதி தூரம்தான் போகிறது என்கிறார்கள். முதுநகரில் கூரை ஒன்றுகூட மிச்சமில்லை என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். இன்னொருவர் அதெல்லாம் இல்லை என்றார். இரண்டையும் நம்பவில்லை. ஆனால் முதலில் சொன்னவரைச் சுற்றித்தான் மனம் போகிறது.

இங்கே மின்சாரம் இல்லை. இன்குபேட்டரில் வளர்த்திருந்த பாக்டீரியா போய்விட்டது. ஜனவரிக்கென்று வாங்கி வைத்திருந்த புழுக்களும் போய்விட்டன. அது பரவாயில்லை.

இதை யார் கையிலாவது கொடுத்தனுப்பச் சொல்லி பஸ் ஸ்டாண்டில் கேட்கப் போகிறேன். நலமா என்று மட்டும் எழுது. போஸ்ட் கார்டு போதும்.

லோகா


கடலூர் முதுநகர்
13.1.2012

லோகா,

நலம். பஸ் கண்டக்டர் ஒருவர் உன் கடிதத்தை முழுசாக ஒரு வாரம் சட்டைப் பையில் வைத்திருந்து கொடுத்தார். “டீச்சர், வேர்வ பட்டுடுச்சு, எழுத்து தெரியுதா பாருங்க” என்றார். தெரிந்தது. லோகா என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய், கவனித்தாயா?

ஓடு முக்கால்வாசி பறந்துவிட்டது. காற்று சுழன்றபோது நானும் இவரும் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தோம். “இருவது வருசம் சவுதியில மணல் காத்துல பொழச்சவன், சொந்த ஊட்டுல சாவணுமா?” என்று புலம்பிக்கொண்டே இருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பண்ருட்டியில் இவர் தம்பியின் முந்திரித் தோப்பு அப்படியே படுத்துவிட்டது. பலா மரங்கள் வேரோடு. அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இவர் சிரிப்பதில்லை.

பள்ளி இன்னும் திறக்கவில்லை. பிப்ரவரி 11, 12 சனி ஞாயிறு வருகிறேன். திங்கட்கிழமை பிளஸ் டூ செய்முறைத் தேர்வு, நான் இங்கே இருந்தாக வேண்டும். அதனால் முடிவை எண்ணும்போது நான் இருக்க முடியாது. நீ எண்ணு. நீ எழுதி அனுப்புவதை நம்பிக்கொள்கிறேன்.

இந்தக் கடைசி வரியை எழுத எனக்கு எவ்வளவு நேரமானது என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

சாய்ரா


சிதம்பரம்
13.2.2012, திங்கள்

சாய்ரா,

நீ பஸ் ஏறி ஒரு நாள் ஆகிறது. பஸ் புறப்பட்ட பிறகும் அங்கேயே நின்றிருந்தேன். ஷேர் ஆட்டோக்காரர் மூன்று முறை கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

முடிவுக்கு முன்னால் சிலவற்றை எழுதிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். எண்ணிக்கை தெரிந்த பிறகு எழுதினால், அது எப்படி வந்ததோ அதற்கேற்றாற்போல் எழுதிவிடுவேன்.

சனிக்கிழமை காலை மூன்று ட்ரே வைத்தோம், ஒவ்வொன்றிலும் இருபது. முதலாவதற்கு நீ செத்த பாக்டீரியா ஊசி போட்டாய், இறகால் மாற்றினாய். இரண்டாவது உன் தொடாத ட்ரே, அதுவும் இறகால். மூன்றாவது என் தொடாத ட்ரே, ஃபோர்செப்ஸால். அன்று செய்தது போலவே மூன்று முறை மாற்றினோம். நான் கொஞ்சம் மென்மையாகப் பிடித்தபோது, “நடிக்காதடி, அன்னிக்கிப் புடிச்ச மாதிரியே புடி” என்றாய். அன்று எப்படிப் பிடித்தேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் கை அதுவாகவே பிடித்தது. ஞாயிறு பத்து மணிக்கு மூன்று ட்ரேக்கும் உயிருள்ள பாக்டீரியா. மூடி போட்டு நீ கையெழுத்திட்ட தாளை ஒட்டினாய். நாற்பத்தெட்டு மணி நேரம். நாளைக் காலை பத்து மணிக்குத் திறக்க வேண்டும்.

எனக்கு இருக்கிற சந்தேகங்களையும் சொல்லிவிடுகிறேன். 1988-ல் நாம் பயன்படுத்திய பாக்டீரியா இன்று இல்லை. புழுவின் ரகம் வேறு. மாதம் வேறு, வெப்பம் வேறு. நாளை உன் ட்ரேயில் பிழைத்தால், நீ அன்று தவறு செய்தாய் என்று ஆகாது. செத்தால் அன்றும் செத்தன என்று முழுமையாக நிரூபித்ததாகவும் ஆகாது. இதை நீயும் அறிவாய். ஆனால் உனக்கு வேண்டியது நிரூபணம் இல்லை என்று ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குப் புரிந்தது. ஊசியைத் தயங்காமல் போட்டாய். மூடியை மட்டும் போட்டு, எடுத்து, திரும்பப் போட்டாய்.

அம்மா போன பிறகு ஆறு வருடமாக இந்த வீட்டில் இன்னொருவர் தங்கியதில்லை. உனக்காக நாற்காலியிலிருந்த விடைத்தாள் கட்டுகளை எடுத்துக் கீழே வைத்தேன். அவற்றைத் திரும்ப மேலே வைக்கவில்லை. நீ தொழுத இடத்தில் மின்விசிறிக் காற்று வராது என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. சொல்லியிருக்கலாம் நீ. நாம் அதிகம் பேசவில்லை. காலையில் காபியைக் குடித்துவிட்டு, “இன்னும் சர்க்கரைய அளந்துதான் போடுவியா?” என்றாய். அவ்வளவுதான். எனக்கு அது நிறையவே இருந்தது.

இன்று மத்தியானம் சின்னையனிடம் அந்தப் பெருநாளைப் பற்றிக் கேட்டேன். சனிக்கிழமை நீ அவரிடம் பிள்ளைகுட்டிகளை மட்டும் விசாரித்துவிட்டுப் போனதால், நான் கேட்கலாமா என்று முதலில் தயங்கினேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். என் எதிரில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“எண்ணாம இருப்பனாம்மா? அந்தப் புள்ள நம்பிச் சொல்லிட்டுப் போச்சு. எண்ணி, மேச ஓரத்துல சாக்பீஸால கோடு கோடா இழுத்து வச்சேன். பெரிய சாரு வந்து, எவன்டா இங்க கிறுக்குனதுன்னு சத்தம் போட்டாரு. அழிச்சுட்டேன்.”

எத்தனை கோடு என்று கேட்டேன்.

“அது இப்பக் கேட்டா? எத்தினியோ. அன்னிக்கிச் சொன்னதுதான்.”

பிறகு, “அதுக்கா அந்தப் புள்ள போச்சு?” என்று கேட்டார். அவருக்குத் தெரியாது, சாய்ரா. யாரும் அவரிடம் சொல்லவில்லை. கல்யாணம் நிச்சயமாகிப் போய்விட்டாய் என்றே இத்தனை வருடம் நினைத்திருக்கிறார். அவரே எழுந்து போய் டெஸ்ட் டியூப்களைக் கழுவினார். ஏற்கெனவே கழுவியவைதான்.

இருபத்து மூன்று வருடம் கழித்து ஒருவர் சொல்வதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

நாளை எண்ணிவிட்டு இதிலேயே சேர்த்து எழுதுகிறேன்.


14.2.2012, செவ்வாய்

பத்து மணிக்கு உன் கையெழுத்துத் தாளைக் கிழித்தேன். கிழித்த துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன்.

முதல் ட்ரே, ஊசி போட்டது: செத்தவை 4, உயிருடன் 16.

மூன்றாவது ட்ரே, என்னுடையது: செத்தவை 6, உயிருடன் 14.

இரண்டாவது ட்ரே, உன்னுடையது. திறந்ததுமே தெரிந்துவிட்டது. இருந்தாலும் ஒவ்வொன்றாக இறகால் புரட்டிப் பார்த்தேன். லேசாக நெளிந்தால்கூட உயிருடன் என்றே எழுதுவது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். செத்தவை 18. உயிருடன் 1.

பத்தொன்பதுதான் வந்தது. இலையை எல்லாம் எடுத்து உதறினேன். மேசைக்கடியில், ஜன்னல் ஓரத்தில், அலமாரிக்குப் பின்னால் எல்லாம் தேடினோம். மூடியின் ஒரு மூலை சற்று வளைந்திருந்தது. நேற்றே பார்த்திருக்க வேண்டும்.

“பல்லி தூக்கிட்டுப் போயிருக்கும்மா” என்றார் சின்னையன். “எப்படியும் செத்துதான் இருக்கும். செத்ததுல சேத்துடுங்க, கணக்கு சரியா வந்துடும்.”

“நாம பாக்கலையே, சின்னையா.”

அவர் குனிந்து மேசைக்கடியில் இன்னொரு முறை பார்த்தார். “ஆமா, பாக்கல” என்றார்.

நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘செத்தவை பதினெட்டு. உயிருடன் ஒன்று. காணவில்லை ஒன்று.’ பிறகு நோட்டை அவர் பக்கம் திருப்பி, நீங்களும் ஒருமுறை எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். ட்ரேயைத் தரையில் வைத்துக் குந்தி உட்கார்ந்து, விரலால் காற்றில் தொட்டுத் தொட்டு, உதடு அசைய எண்ணினார். இரண்டு முறை எண்ணினார்.

“எம் பேரையுமா போடணும்?” என்று கேட்டார்.

போடச் சொன்னேன். போட்டார். தேதியையும் அவரே எழுதினார்.